என் தங்கை நகரசபையில் பேசினாள்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசை வேலை எனக்கு. என் தங்கை கல்யாணமாகி அமெரிக்காவில் ஒரு சின்ன ஊருக்குப் போய்விட்டாள். அங்கே நகரசபை நடத்தும் சனிக்கிழமைச் சந்தையில் இட்லியும் அடையும் விற்பாள். அவியலோடு அடை சாப்பிட அந்த ஊர்க்காரர்கள் வரிசையில் நிற்கும் படங்களை எனக்கு அனுப்புவாள்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு நாள் அழுதுகொண்டே போன் செய்தாள். சந்தையில் இனி அமெரிக்கக் குடிமக்கள் மட்டும்தான் கடை போடலாம் என்று நகரசபை விதி கொண்டுவந்திருந்தது. அவளிடம் இருந்தது கிரீன் கார்டு. நிரந்தரமாகத் தங்கலாம், உழைக்கலாம், வரி கட்டலாம். ஆனால் குடியுரிமை கேட்க இன்னும் காலம் ஆகவில்லை.

"மாப்பிள்ளை என்னட்டி சொல்லுதாரு?"

"நமக்கு எதுக்கு வம்பு, விட்டுருங்காரு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்நிய தேசத்தில் பொறுத்துப் போவதுதான் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். அவளிடமும் அதையே சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் மறுபடி கூப்பிட்டபோது குரலே வேறாக இருந்தது. ஊர் நூலகத்தில் உட்கார்ந்து அந்த நாட்டு அரசியலமைப்பைப் படித்திருக்கிறாள்.

"அக்கா, பதினாலாவது திருத்தம்னு ஒண்ணு இருக்கு. அடிமைகளா இருந்தவங்களுக்கு விடுதலை கிடைச்ச பெறகு சேர்த்தது. இங்கன பொறந்தவங்க குடிமக்கள்னு அதுலதான் வருது. ஆனா சட்டத்தோட சமமான பாதுகாப்பைப் பத்திச் சொல்லுத எடத்துல குடிமக்கள்னு போடலை. எந்த நபருக்கும் மறுக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு."

"அப்போ உனக்கும் சேத்தா?"

"எனக்கும் சேத்துதான். நம்ம நாட்டுச் சட்டத்துலயும் இது பதினாலாவது பிரிவுதான்க்கா. அங்கனயும் நபர்னுதான் இருக்கு."

பள்ளியில் குடிமையியலில் தட்டுத் தடுமாறித் தேறியவள் இவள்.

நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசலாம். அதை நேரலையிலும் காட்டுவார்கள். அவள் பேசப் போன அன்று அங்கே காலை, இங்கே சாயங்காலம். சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு அறைச்சாவி கேட்டு வந்தவர்களை "ஒரு நிமிஷம் அண்ணாச்சி" என்று நிறுத்திவிட்டு செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைக் முன்னால் நீலப் புடவையில் வந்து நின்றாள். நம் ஊர் இழுப்போடுதான் ஆங்கிலம் பேசினாள். அந்தத் திருத்தத்தின் வரியை வாசித்தாள். அப்போது உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டு, "முதலில் குடியுரிமை வாங்கிவிட்டு வரலாமே?" என்றார்.

"வாங்குவேன்," என்றாள். "ஆனால் இந்தப் பாதுகாப்பு அதுவரை என்னைக் காத்திருக்கச் சொல்லவில்லை. நான் இந்த ஊரில் வாழ்கிற ஒரு நபர். அது போதும்."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். உறுப்பினர்கள் நகரசபையின் வக்கீலைக் கேட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீதிமன்றத்துக்குப் போனால் இந்த விதி நிற்காது என்று ஒப்புக்கொண்டார்.

சாவிக்காக நின்றிருந்தவர், "யாரும்மா அது?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி," என்றேன். அவர் சாவியை மறந்து என்னோடு சேர்ந்து திரையைப் பார்த்தார்.

அடுத்த கூட்டத்தில் விதியை நீக்கினார்கள். அவளுக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை, வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு மூலைதான். "வாடிக்கை தேடி வருதாங்கக்கா," என்று சிரித்தாள். அவளைப் போலவே கடையை இழந்திருந்த வேறு தேசத்துக்காரர்களும் திரும்பி வந்தார்கள். அவளுடைய கணவர் இப்போது சனிக்கிழமைகளில் அடைக்கல்லுக்கு முன்னால் நிற்கிறார்.

போன மாதம் அவள் குடியுரிமை உறுதிமொழி எடுத்தாள். லாட்ஜில் எல்லோருக்கும் அல்வா கொடுத்தேன்.

"இனிமே என்னட்டி வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"ஓட்டுப் போடலாம்க்கா," என்றாள். "அந்தக் கூட்டத்துல என்னைக் குறுக்கக் கேட்டாருல்லா, அவரு மறுபடியும் நிக்காரு."