செவ்வந்தி என்ற பேரிலேயே

செவ்வந்தி அத்தை எனக்கு உறவில்லை. அவர் ஊற்றிக் கொடுத்த சாராயத்தைக் குடித்துவிட்டு வரும் வழியில்தான் என் அப்பா செத்துப்போனார். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் எங்கள் வீட்டில் அந்தப் பேரை யாரும் வாயில் எடுத்ததில்லை. அப்படிப்பட்டவர் எனக்கு எப்படி அத்தை ஆனார் என்று என் வீட்டுக்காரரே கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்திவிடுவேன். போன ஆவணியில் அத்தை தவறிவிட்டார். இனிமேலாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். அப்பா காசிநாதன் கரும்பு வெட்டுகிறவர். அம்மா கலையரசியும் அதே வேலைக்குத்தான் போனாள். செவ்வந்தி அத்தை கல்வராயன் மலையடிவாரத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் எங்கள் ஊருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் கட்டட வேலைக்கென்று பெங்களூர் போனவர், திரும்பவே இல்லை. பிள்ளையும் இல்லை. கொஞ்ச காலம் களை பறித்தார், கரும்பு கட்டினார். அப்புறம் மலையிலிருந்து லாரி டியூபில் ரொப்பி இறக்கும் சாராயத்தை ஒரு ஆள் அவர் குடிசையில் மறைத்து வைக்கக் கேட்டான். மறைக்க இடம் கொடுத்த அத்தை நாலு மாதத்தில் தானே விற்க ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் வேலை விட்டு வருகிற ஆண்கள் கொல்லை வழியாக அந்தக் குடிசைக்குத்தான் போவார்கள்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா ஒரு நாள் அங்கே போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாலைந்து பேர் குந்தியிருந்தார்கள்.

“யக்கா, உன் காலப் புடிச்சி கேட்டுக்கிறேன். எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் ஊத்தாத. பொட்டப்புள்ளய வச்சிக்கினு இருக்கேன்.”

செவ்வந்தி அத்தை டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். “நான் ஊத்தலன்னா அந்தாண்ட எவளாச்சும் ஊத்தப்போறா. உன் புருசன நீ கட்டிப்போடு. இங்க வந்து இன்னாத்துக்கு அழுவுற?”

குந்தியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு அப்பா எனக்குப் பச்சை நிறத்தில் பாவாடை சட்டை எடுத்து வந்தார். அம்மா எதிரில் என் தலையில் கை வைத்து, “இனிமே தொடமாட்டேன்” என்று சத்தியம் செய்தார். பத்தாம் நாள் நல்ல மழை. அப்பா வேலைக்குப் போன இடத்திலிருந்து வீட்டுக்கு வரவில்லை. ஓடையின் தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. போதையில் இறங்கியவரை அடித்துக்கொண்டு போய்விட்டது. விடிந்ததும் கோரைப் புதரில் கண்டெடுத்தார்கள்.

அப்பா செத்ததைவிட அம்மாவை அதிகமாக அறுத்தது அந்தச் சத்தியம்தான். “புள்ள தலையில அடிச்சி சொன்ன வார்த்த பத்து நாளு தாங்கலயே” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அப்பாவின் ஒரே போட்டோவைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டாள்.

அந்த நாட்களில்தான் பாஸ்டர் அறிவுச்செல்வன் ஐயாவின் மனைவி நிர்மலா அக்கா எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். ஜெபம் பண்ணுவதற்கு முன்னால் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பார். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போவார். அம்மா அவர் பின்னால் சபைக்குப் போனாள். நானும் போனேன்.

சபை கூடிய அந்தத் தகரக் கொட்டகையை இப்போது நினைத்தாலும் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. இன்று அதே இடத்தில் டைல்ஸ் போட்ட கட்டடம் நிற்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி, மைக் எல்லாம் வந்துவிட்டது. அன்றைக்குக் கோரைப்பாய்தான். வெயிலில் தகரம் டிக் டிக்கென்று சத்தம் போடும். பாஸ்டர் ஐயா பாட்டுக்குக் கஞ்சிரா தட்டும்போது கண்ணை மூடிக்கொள்வார், தாளம் தப்பும், நிர்மலா அக்கா கையைத் தட்டி இழுத்து வருவார். ஆராதனை முடிந்தால் எல்லோருக்கும் டீயும் பொறை ரொட்டியும். பக்கத்துத் தோட்டத்தில் காய்ந்த கரும்புச் சோகை கொளுத்தினால் அந்த வாசம் உள்ளே வந்து பாட்டோடு கலந்துவிடும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்றும் அந்த வாசம்தான்.

இதற்கிடையில் செவ்வந்தி அத்தையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பல மாதம் மகளிர் சிறையில் இருந்தார். அங்கே ரிட்டையர்டான ஒரு டீச்சரம்மா ஞாயிறுதோறும் வந்து பேசுவாராம். அவர் சொன்னதில் ஒன்றே ஒன்று அத்தைக்குள் போய்த் தங்கிவிட்டது. என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். “ஏசுவுக்குப் பக்கத்துல ஒரு திருடன் தொங்குனான் பாரு. அவன் ஒரு நல்லதும் பண்ணல. பண்ண டைமும் இல்ல. அவனயும் கூட வான்னு கூப்ட்டாரே! அதக் கேட்டதும் அன்னிக்கி எனக்குச் சோறு எறங்கல.”

வெளியே வந்தவர் விற்கவில்லை. டியூப் கொண்டுவந்த ஆளைத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு விரட்டினார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். யாரும் நம்பவில்லை. திரும்பவும் கரும்பு வெட்டப் போனார்.

நான் பத்தாவது படிக்கும்போது ஒரு ஞாயிறு, பாட்டு நடந்துகொண்டிருந்த நேரம், கொட்டகைக்கு வெளியே செருப்பு விடுகிற இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். அம்மா பார்த்துவிட்டாள். பாட்டுப் புத்தகத்தை மூடி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள். அவரைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் சபைக்குப் போகவில்லை. ஆறேழு மாதம் கழித்து, தை பிறக்கிற சமயத்தில், பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வந்தார். செவ்வந்தி ஞானஸ்நானம் கேட்கிறார் என்பதை, அம்மா வேறு யார் மூலமும் தெரிந்துகொள்ளக் கூடாதென்று, அவரே நேரில் சொன்னார்.

“அவளுக்குக் குடுத்தீங்கன்னா நான் செத்தாலும் அந்தப் பக்கம் வரமாட்டேங்க ஐயா” என்றாள் அம்மா.

“கலையரசி, முடியாதுன்னு சொல்ல அது இன்னா என் வூட்டு சாமானாம்மா? எனக்கே சும்மா குடுத்தது.” எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “நீ வந்தே ஆவணும்னும் சொல்லமாட்டேன். உனக்கு எவ்ளோ வலிக்குதுன்னு தெரிஞ்சிதான் பேசறேன்.”

டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு காலை. அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் செவ்வந்தி அத்தை வந்து நின்றார். படி ஏறவில்லை. அம்மா கையில் கொடுவாள் இருந்தது.

“கலையரசி, திட்டறதா இருந்தா அப்புறமா திட்டு. நான் சொல்ல வந்தத சொல்லிட்டுப் போயிடறேன். தண்ணியில எறங்குறதுக்கு முன்னாடி உங்கிட்ட இத சொல்லணும்.”

அம்மா கொடுவாளைக் கீழே வைக்கவில்லை.

“அன்னிக்கி மழ வந்துச்சே, அன்னிக்கி உங்க வூட்டுக்காரரு குடிக்க வரல. கொல்லப் பக்கமா வூட்டுக்குத்தான் போய்க்கினு இருந்தாரு. நான்தான் கூப்ட்டேன். வேணாம்க்கா, புள்ள மேல சத்தியம் பண்ணியிருக்கேன், மழ ஜாஸ்தி ஆவறதுக்குள்ள போறேன்னாரு. மழைக்கு ஒண்ணும் ஆவாது வான்னு நான்தான் கையப் புடிச்சி இழுத்தேன். அவரு வரலன்னா மத்தவங்களும் நின்னுடுவாங்கன்னு எனக்கு பயம். முத கிளாஸ நானே கையில குடுத்தேன். போலீசு கேட்டப்பகூட அவரா வந்தாருன்னு சொல்லிட்டேன். அது பொய்யி.”

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கொடுவாள் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எழுந்து அடித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

“போயிடு” என்றாள். “என் கண்ணு முன்னாடி நிக்காத, போயிடு.”

அவர் போனார். அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. சாப்பிடவுமில்லை. மத்தியானம் போல டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிகளையெல்லாம் வெளியே அள்ளிப் போட்டு, அடியிலிருந்த போட்டோவை எடுத்தாள். புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

“வேணாம்னு சொல்லியிருக்காருடி இலக்கியா” என்றாள். “உன் மேல பண்ண சத்தியத்த சொல்லி வேணாம்னு சொல்லியிருக்காரு.”

அப்பாவுக்காக அவள் கோபமில்லாமல் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். நானும் அழுதேன். ஆறு வருஷமாக என்னைவிடச் சாராயம்தான் அப்பாவுக்குப் பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த எண்ணத்தை என்னிடமிருந்து எடுத்துப்போட்டது எங்கள் வீட்டைக் கெடுத்தவரின் வாய். சொல்லாமலே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னதால் அவர் பாவம் எங்கள் கண்ணில் இன்னும் பெரிதாயிற்று. அது தெரிந்தே வந்து சொன்னார்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு விடிகாலையில் ஞானஸ்நானம். அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டு, “கெளம்பு” என்றாள்.

கோமுகி ஆற்றில், அணைக்குக் கீழே மணல் திட்டு இருக்கிற இடம். மலை மேல் பனி இன்னும் கலையவில்லை. நிர்மலா அக்கா பெரிய குண்டானில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்திருந்தார். நானும் அம்மாவும் கூட்டத்தில் சேராமல் புங்க மரத்தடியில் நின்றோம். மூன்று பேர் அன்று இறங்கினார்கள். இரண்டு பேருக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். செவ்வந்தி அத்தை வெள்ளைப் புடவையில் தனியாக நின்றார்.

முதல் இரண்டு பேரும் புதுப் பேர் வைத்துக்கொண்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் பாஸ்டர் ஐயா அத்தையைக் கேட்டார். “உனக்கு இன்னா பேரும்மா வைக்கட்டும்?”

“செவ்வந்தியே இருக்கட்டுங்க ஐயா. தப்பு பண்ணது அந்தப் பேருதான். அது மேலயே தண்ணி படட்டும்.”

ஐயா, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொல்வதற்குள் இரண்டு தடவை நிறுத்தினார். முக்கி எடுத்ததும் அத்தை இருமினார். மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. வானம் திறக்கவெல்லாம் இல்லை. தட்டுத்தடுமாறிக் கரையேறி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார். எல்லோரும் பாடினார்கள். அம்மா பாடவில்லை. கிட்டப் போகவுமில்லை.

திரும்பும்போது எல்லோருக்கும் ஒரே டவுன் பஸ்தான். அம்மாவும் நானும் முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டோம். அத்தை கடைசியில் ஏறினார். இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஈரத் தலையோடு நடுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு நிறுத்தம் போயிற்று. அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னை இடித்து நகரச் சொன்னாள். நகர்ந்தேன்.

“வந்து குந்து” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். “தலைய ஒழுங்கா தொவட்டு. சளி புடிச்சிக்கும்.”

ஆறு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் அம்மா தானாகப் பேசிய முதல் பேச்சு அது. மன்னித்துவிட்டேன் என்று அவள் எப்போதும் சொன்னதில்லை. சில நாள் நன்றாகப் பேசுவாள், மழைக்காலம் வந்தால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வாள். அத்தை அதைத் தாங்கிக்கொள்வார். ஐப்பசி மாதத்தில் அவராகவே எங்கள் வீட்டுப் பக்கம் வரமாட்டார். கார்த்திகை பிறந்ததும் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டு வந்து நிற்பார். இது ஐந்தாறு வருஷம் நடந்தது. ஒரு ஐப்பசியில் அம்மாவே போய்க் கூட்டிவந்தாள்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது தனக்கு ஒரு நாத்தனார் இல்லையே, அத்தை முறைக்கு மணமேடையில் நிற்க ஆளில்லையே என்று அம்மா பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று, “செவ்வந்தி நிக்கட்டும்” என்றாள். அத்தை நின்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் அத்தை.

இரண்டாயிரத்து இருபத்து நாலு ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்தால் சாவு மேல் சாவு விழுந்தபோது, அங்கே போன அத்தை மூன்று நாள் ஊருக்குத் திரும்பவில்லை. சாவு வீடுகளில் தண்ணீர் சுமந்தார், பாத்திரம் கழுவினார், பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வீட்டில் பழைய ஆள் ஒருத்தர் அடையாளம் கண்டுகொண்டு, “நீயும் இத வித்தவதானடி!” என்று கத்தினார். அத்தை மறுக்கவில்லை. “ஆமாங்க, வித்தவதான்” என்றார். குடத்தை இறக்கி வைக்கக்கூட இல்லையாம். கூடப் போயிருந்த நிர்மலா அக்கா சொன்னது.

அதற்கு மறு வருஷம் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழவில்லை. கடைசி பத்து நாள் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அம்மா கஞ்சி ஊட்டினாள். இரண்டு பேரும் பழைய கரும்பு வெட்டு நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். யார் வேகமாக வெட்டினார்கள், யாரைப் பாம்பு துரத்தியது என்று. அப்பாவைப் பற்றியும் பேசினார்கள். அவர் நன்றாக விசில் அடிப்பார் என்று அத்தைதான் சொன்னார், எனக்குத் தெரியாது.

அவருக்கென்று யார் இருக்கிறார்கள், அடக்கத்துக்குப் பத்துப் பேர் வந்தாலே அதிகம் என்று நினைத்திருந்தோம். சபைக்காரர்கள் வந்தார்கள். மண் போட்டு முடிக்கிற நேரத்தில் கள்ளக்குறிச்சியிலிருந்து நாலு பெண்கள் பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். எங்களுக்கு யாரென்று தெரியவில்லை. நாலு பேர் நெற்றியிலும் பொட்டு இல்லை. எங்கள் வீட்டுச் சாவில் தண்ணீர் சுமந்தவருக்குத் தாமதமாக வந்துவிட்டோமே என்று ஒருத்தி அழுதாள். நிர்மலா அக்கா டீ போட்டுக் கொடுத்தார். அம்மா அவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போய், பொழுது சாயும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.