அக்கா இரண்டு தோசை சாப்பிட்டாள்

எங்கள் வீட்டில் தலைவலிக்கு மரியாதை கிடையாது. அம்மாவுக்கு வாரத்தில் நான்கு நாள் இருக்கும், அப்பாவுக்கு ஏழு நாளும் இருக்கும். இருவரும் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். எங்கள் ஊரில் அதை பயர் ஆபீஸ் என்போம். அப்பா அலுமினியப் பவுடரில் புழங்குகிறவர். எத்தனை முறை தேய்த்துக் குளித்தாலும் காது மடிப்பில் கொஞ்சம் வெள்ளி மினுங்கிக்கொண்டே இருக்கும். பவுடர் வாடையால் தலை வலித்தால் எங்கள் வீட்டு வைத்தியம் இரண்டு வாழைப்பழம், ஒரு ஈரத்துண்டு. வாழைப்பழம் உள்ளே போன தூசியை இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்பது அம்மாவின் முடிவு. அதை மறுத்துப் பேச ஊரில் யாருமில்லை, எல்லார் வீட்டு முடிவும் அதுதான்.

அதே மாதிரி, எங்கள் ஊரில் அடிபட்டது என்று சொன்னால் முதலில் தோலைத்தான் பார்ப்பார்கள். வெந்திருக்கிறதா, வழன்றிருக்கிறதா என்று கையைத் திருப்பிப் பார்ப்பார்கள். தோல் நன்றாக இருந்தால் சாமி காப்பாற்றியது என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். அவர்கள் பார்த்திருந்த காயங்களுக்கு அப்படித்தான் பேசத் தோன்றும். அவர்களைக் குறை சொல்லி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

அக்கா அப்போது பிளஸ் ஒன் படித்தாள், நான் மூன்றாம் வகுப்பு. அவள் பள்ளிக் கபடி அணியில் பாடிப் போகிறவள். ஒல்லியான உடம்பு, ஆனால் எதிரணிக் கட்டத்துக்குள் அவள் போனால் ஏழு பேரும் பின்வாங்குவார்கள். பி.டி. டீச்சருக்கு அவள்மேல் உயிர். மாவட்ட அணியில் இடம் கிடைத்து மாநிலப் போட்டிக்குப் போய் வந்துவிட்டால் அந்தச் சான்றிதழைக் காட்டிக் கல்லூரியில் சேரலாம், ஹாஸ்டலும் இலவசம் என்று டீச்சர் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மா அன்றைக்கு அக்காவிடம் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நீ ஒருத்தியாச்சும் இந்த வேன்ல ஏறாம இரு." வேன் என்றது தினமும் காலையில் தெருமுனையில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி வேன்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது மல்லாங்கிணறு பக்கம் ஒரு ஊரில் மேட்ச். தீபாவளி சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் அம்மா அப்பாவுக்கு வேலை இருந்தது. என்னை வீட்டில் விட ஆளில்லாமல் அக்கா கூடவே கூட்டிப்போனாள். மழை பார்த்து மாதக்கணக்கான மண். ஆடுகளத்துக்குத் தண்ணீர் தெளிக்க வரவேண்டிய டிராக்டர் கடைசி வரை வரவில்லை. கட்டாந்தரையில்தான் ஆடினார்கள்.

இரண்டாம் பாதியில் அக்கா பாடிப் போனாள். கணுக்காலை ஒருத்தி பிடித்து இழுத்தாள், அக்கா மல்லாக்க விழுந்தாள். பின்மண்டை தரையில் பட்ட சத்தம் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு நேராக எதிரணிப் பெண்களோடு போய் வரிசையில் நின்றுகொண்டாள். கூட்டம் சிரித்தது. நானும்தான் கைகொட்டிச் சிரித்தேன், எங்கள் அக்காவுக்குக் குறும்பு அதிகம் என்று. டீச்சர் ஓடிவந்து என்னவோ கேட்டார், இவள் தலையாட்டினாள், திரும்பவும் ஆடினாள். அதற்குப் பிறகு ஒரு பாயிண்ட்டும் எடுத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து யார் ஜெயித்தது என்று கேட்டாள். நாம்தான் என்றேன். எப்படி என்றாள். நான் ஒவ்வொரு பாயிண்ட்டாகச் சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி யார் ஜெயித்தது என்று கேட்டாள். நான் மறுபடி சொன்னேன். வீட்டில் நான் வாய் திறந்தாலே சும்மா இருடி என்கிறவள் என் பேச்சை இத்தனை ஆசையாகக் கேட்கிறாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது தடவை நடக்காத இரண்டு பிடிகளையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அதையும் நம்பினாள்.

ஊர் விலக்கில் இறங்கியதும் ரோட்டோர வேலிக்கருவைப் புதருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். இரண்டு தடவை. வாயைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். "யார்ட்டயும் சொல்லாத. டீச்சருக்குத் தெரிஞ்சா என்னைய விட்டுட்டுப் போயிருவாக." அக்கா என்னிடம் ஒரு ரகசியம் சொல்வது அதுதான் முதல் தடவை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மறுநாள் அவளுக்குத் தலைவலி. அம்மாவுக்கு அது புதிராகவே இல்லை. முந்தின வாரம் அக்காதான் அப்பாவின் வேலைச் சட்டைகளை அலசிப் போட்டிருந்தாள். "பவுடர் சட்டைய அலசுனேல்ல, அந்த வாடைதான். ரெண்டு பழத்தத் தின்னுட்டுப் படு" என்று சொல்லிவிட்டு அம்மா வேனுக்கு ஓடினாள். மேட்ச்சில் விழுந்ததைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு அத்தை சாயங்காலம் வந்து, அக்காவின் முடியை விலக்கிப் பார்த்து, கை கால்களைத் திருப்பிப் பார்த்து, தோல் கூட உரியவில்லை என்று நிம்மதியாகப் போனாள். அக்கா வாழைப்பழம் தின்றாள். வெயிலைப் பார்க்க முடியவில்லை என்று ஜன்னலில் போர்வையைக் கட்டிக்கொண்டாள். புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது என்றாள். சும்மா இருந்த என்னை இரண்டு முறை அடித்தாள், அடித்துவிட்டு அவளே அழுதாள். எதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை, சத்தியம் செய்தவள் இல்லையா.

பி.டி. டீச்சருக்குச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அக்காவைக் கேட்டிருக்கிறார், அவள் நன்றாக இருக்கிறேன் என்றிருக்கிறாள். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் பக்கத்துக் காம்பவுண்டில் இருந்த எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முட்டி போட்டு என் உயரத்துக்கு உட்கார்ந்தார்.

"இங்கன பாரு. மேட்ச் முடிஞ்சு போகும்போது அக்கா வாந்தி கீந்தி எடுத்தாளா? தலைய வலிக்குதுன்னாளா? பொய் சொல்லக் கூடாது."

"இல்ல டீச்சர். வீட்டுக்கு வந்து ரெண்டு தோசை சாப்பிட்டா."

தோசை நானாகச் சேர்த்தது. வெறுமனே இல்லை என்றால் நம்பமாட்டார் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. டீச்சர் முகம் தெளிந்து எழுந்தார். நான் வகுப்புக்குள் திரும்பிப் போனபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. அக்காவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

தேர்வில் அவள் விழுந்தது ஒரு விழுகையே இல்லை. யாருடைய தோளோ முகவாயில் லேசாக இடித்தது, உட்கார்ந்த மாதிரி விழுந்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. கண் திறந்திருந்தது, கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை. டீச்சரே காரில் ஏற்றி மதுரைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மாவும் அப்பாவும் வேலை உடுப்போடு, என்னையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ரத்தக்கசிவு இல்லை என்றதும் அம்மா அந்த வராந்தாவிலேயே தரையில் விழுந்து கும்பிட்டாள்.

டாக்டர் ஒரு இளவயதுக்காரர். இதற்கு முன்னால், ஒரு பத்து நாளைக்குள், தலையில் அடி ஏதும் பட்டதா என்று கேட்டார். டீச்சர் மல்லாங்கிணறு மேட்ச்சைச் சொன்னார், ஆனால் அதற்குப் பிறகு நன்றாகத்தான் இருந்தாள், தங்கச்சியைக் கூடக் கேட்டேன் என்றும் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். டாக்டர் என்னமோ எழுதிக்கொண்டார். மூளை நன்றாகக் குலுங்கியிருக்கிறது, ஸ்கேனில் தெரியாது, இனி வெளிச்சமும் சத்தமும் இல்லாமல் ஓய்வு வேண்டும், படிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தொடங்க வேண்டும், விளையாட்டை இப்போதைக்கு மறந்துவிட வேண்டும் என்றார்.

சத்தம் இல்லாத ஓய்வுக்கு எங்கள் ஊரைப்போல மோசமான ஊர் இந்த ஜில்லாவிலேயே இருக்க முடியாது. மத்தியானம் ஆனால் ஊருக்கு வெளியே பொட்டலில் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அக்கா காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு படுப்பாள். அம்மா அவள் காதில் பஞ்சு வைத்து, மேலே துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு வேலைக்குப் போவாள். அங்கே போய் அதே வெடிகளுக்குச் சரம் பின்னுவாள்.

தீபாவளி வந்தது. அப்பா எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். இந்த ஒரு வருஷம் நம் தெருவில் மட்டும் வெடி வேண்டாம், பிள்ளைக்குத் தலை தாங்கவில்லை என்று கேட்டார். காதில் வெள்ளி மினுங்க நின்று அவர் அதைக் கேட்டபோது ஒரு பெரியவர், நம் பிழைப்பில் நாமே மண்ணள்ளிப் போடுவதா என்று சிரித்தார். சிரித்தாலும் அவர் பேரன்களைக் கம்மாய்க் கரைக்கு அனுப்பிவிட்டார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்குத்தான் ஆத்திரம். போனஸோடு கொடுத்த வெடிப்பெட்டி பரணில் கிடந்தது, என் கூட்டாளிகள் வேறு தெருவுக்குப் போய்விட்டார்கள். அக்கா வேண்டுமென்றே நடிக்கிறாள் என்று அப்பாவிடம் சொன்னேன். அதுவரை என்னை ஒருநாளும் அடிக்காத அப்பா அன்றைக்கு அடித்தார்.

அக்கா சரியாகிவிடுவாள் என்று ஒரு மாதம் காத்திருந்தோம், பிறகு மூன்று மாதம், பிறகு ஒரு வருஷம். நடந்தாள், சாப்பிட்டாள், பேசினாள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் முதல் வரி போய்விடும், தலை பிளக்கும். பரீட்சைக்குப் போய் பாதியில் எழுந்து வந்தாள். மறு வருஷம் போகவே இல்லை. மதுரைக்குத் திரும்பத் திரும்ப வரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் லீவு கிடைத்தபோது போனார்கள், சீசனில் கிடைக்கவில்லை. தோலில் ஒரு கீறல் இல்லாத பெண்ணுக்கு எதற்கு இத்தனை வைத்தியம் என்று ஊர் கேட்டது. சோம்பேறி என்றும் பேசினார்கள். அதை அக்கா கேட்கும்படியாகவே பேசினார்கள்.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது முதலுதவி வகுப்பு ஒன்று நடத்தினார்கள். தலையில் அடிபட்டால் கவனிக்க வேண்டியவை என்று வந்தவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தேன். கேட்டதையே திரும்பக் கேட்பது என்று அவர் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டேன். வாந்தி, வெளிச்சம் தாங்காமை, காரணமில்லாத அழுகை, முழுதாகக் குணமாகுமுன் மறுபடி அடிபடக் கூடாது என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அந்தக் கல்லூரியில் அக்கா சம்பளத்தில்தான் படித்தேன். இதுவரை வீட்டில் யாரிடமும் நான் உண்மையைச் சொன்னதில்லை. அக்காவும் கேட்டதில்லை. என்னிடம் சத்தியம் வாங்கியது அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது.

அந்தச் சம்பளம் தொடங்கியது அக்காவுக்குப் பதினெட்டு முடிந்த அடுத்த வாரம். எனக்கு அப்போது பத்து வயது. காலையில் அம்மா இரண்டு தூக்குச்சட்டியில் சோறு கட்டினாள். அக்கா குளித்து, தலை சீவி, பழைய சுடிதார் போட்டு, அம்மாவுக்குப் பின்னால் தெருமுனைக்கு நடந்தாள். வேன் கதவைத் திறந்ததும் அவள் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். அம்மா படியில் கால் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அம்மா அழுதது பிடிக்கவில்லை, நல்ல நாளில் எதற்கு அழவேண்டும். இரண்டு வருஷமாகப் போர்வைக்குள் கிடந்த அக்கா எழுந்து வேலைக்குப் போகிறாள் என்றால் அவளுக்குக் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்.

அன்றைக்கு மணி அடிப்பதற்கு முன்னால் பெரிய பள்ளிக்கூடத்துக்குள் ஓடினேன். பி.டி. டீச்சர் விளையாட்டுச் சாமான் அறையைத் திறந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்றேன்.

"டீச்சர், அக்காவுக்குச் சரியாப் போச்சு. இன்னைலருந்து பயர் ஆபீஸ் வேலைக்குப் போறா."

டீச்சர் பூட்டைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். நான் நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன், ஒரு மிட்டாயாவது வாங்கித் தருவார் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.