மெஸ் பில்லுக்குப் பக்கத்தில்

கணக்கு வராது என்பதால்தான் தேவதர்ஷினி பி.ஏ. சரித்திரம் எடுத்தாள். பிளஸ் ஒன்னில் என்ன குரூப் என்று பள்ளியில் கேட்டபோது, எண்களே இல்லாத குரூப் எது என்று திருப்பிக் கேட்டவள். அவளையும் கடைசியில் கணக்குப் போட வைத்தது, திருச்சியில் அவள் படித்த கல்லூரியின் பெண்கள் விடுதி.

விடுதியில் மாதாமாதம் ஐந்தாம் தேதி, சாப்பாட்டுக் கூடத்தில் கைகழுவும் இடத்துக்கு மேலே மெஸ் பில் ஒட்டுவார்கள். மாதம் முழுக்க ஆன செலவைத் தலைக்கு வகுத்து வருவது அது. டிவைடிங் சிஸ்டம் என்று பெயர். செப்டம்பர் மாதம் தலைக்கு நாலாயிரத்து இருநூற்று எண்பது. அறை வாடகை ஆயிரத்து இருநூறு தனி.

அந்த மாதம் அவள் விடுதியில் சாப்பிட்டதே இருபது நாள்தான். வெள்ளி சாயங்காலம் முசிறி பஸ் ஏறினால், சனியும் ஞாயிறும் அம்மா சந்திரம்மாளோடு வாழைத்தோப்பில் இலை அறுத்துக் கட்டுப் போட்டுவிட்டுத் திங்கள் காலைதான் திரும்புவாள். சாப்பிடாத நாளுக்குக் கழிவு உண்டா என்றால், உண்டு. தொடர்ந்து ஐந்து நாள் லீவு போட்டிருக்க வேண்டும்.

பில்லைப் போனில் கேட்டதும் சந்திரம்மாள் தொகையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "இந்த மாசம் கட்டிடலாம். அடுத்த மாசம் எப்படின்னு தெரியலடி" என்றாள்.

அன்றைக்கே தேவதர்ஷினி முடிவு செய்துவிட்டாள். விடுதியை விட வேண்டும், படிப்பை விடக் கூடாது. ஆனால் வெளியூர்ப் பெண்கள் விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் சட்டம். விடுதியை விட்டால் கல்லூரிப் பட்டியலிலும் பெயர் போய்விடும் என்பார்கள்.

அறைத்தோழி ரிஃபானா துவரங்குறிச்சிக்காரி. "மொதல்ல வெளிய என்ன வெலைன்னு பாப்போம். சட்டத்த அப்பறம் பாக்கலாம்" என்றாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது என்பதால் ஊர் சுற்றுவதற்குச் செலவில்லை. மூன்று வாரம் ஊருக்குப் போகாமல், சனி, ஞாயிறு இருவரும் அலைந்தார்கள். திரும்பி வந்து தேவதர்ஷினி ஒரு சார்ட் அட்டையில் கட்டம் போட்டாள். வாடகை, அட்வான்ஸ், சாப்பாடு, பஸ். கடைசியாக ஒரு கட்டம் மிஞ்சியது. அதன் தலையில் 'கேட்ட கேள்விகள்' என்று எழுதினாள்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறை: முட்டை சாப்பிடுவீர்களா என்று கேட்டார்கள். அதே தெருவில் இன்னொரு வீடு: பெயர் கேட்டார்கள், ரிஃபானா சொன்னாள், அறை காலியில்லை என்று ஆகிவிட்டது. எடமலைப்பட்டி புதூர்: எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள், அண்ணன் தம்பி என்று யாராவது வருவார்களா. திருவானைக்காவலில் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் நல்லதம்பியின் மாடி அறை: தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும், சமாளிப்பீர்களா.

நல்லதம்பி வீட்டு வரிசையைக் கூட்டிப் பார்த்தாள். வாடகையில் பாதி ஆயிரத்து எழுநூற்று ஐம்பது. தாங்களே சமைத்தால் ஆளுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம். மொத்தம் மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது. விடுதி வரிசையில் ஐயாயிரத்து நானூற்று எண்பது. தன் கூட்டலில் நம்பிக்கையில்லாமல் ரிஃபானாவைக் கூட்டச் சொன்னாள். அதேதான் வந்தது.

விடியற்காலையில் அந்த சார்ட்டை மெஸ் பில்லுக்குப் பக்கத்திலேயே ஒட்டினாள்.

கைகழுவ வந்த பெண்கள் ஈரக்கையோடு நின்று படித்தார்கள். "முட்டைக்கு ஒரு கேள்வியாடி?" என்று சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் வார்டன் ஆனந்தவள்ளி அதைக் கிழித்தெறிந்தார். ராத்திரி தேவதர்ஷினி இன்னொன்று எழுதினாள். அதுவும் கிழிந்தது. மூன்றாவது அட்டையில் விடுதிக்கு நேரே ஒரு வரி கூடியிருந்தது. மூன்று நாள் சாப்பாட்டுக் கூட வாசலில் நின்று, ரிஃபானா உள்ளங்கையில் பேனாவால் கோடு போட்டு எண்ணிய எண்ணிக்கை அது: 'வகுப்பது 212 பேருக்கு. சமையற்காரர்கள் நீங்கலாக, சாப்பாடு போவது 241 பேருக்கு. ஆபீசுக்குப் போகும் சாப்பாட்டுக் கேரியர்களும் இதில் சேர்த்தி.'

இந்த முறை வார்டன் கிழிக்கவில்லை. கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு, தேவதர்ஷினியின் அம்மாவை வரச் சொன்னார்.

வேலையை விட்டுவிட்டு வந்த சந்திரம்மாளின் விரல்களில் வாழைக்கறை கறுத்திருந்தது. யாரும் உட்காரச் சொல்லாததால் தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க பொண்ணு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரணும்மா. இல்லன்னா விடுதியக் காலி பண்ணிக்கட்டும். விடுதி இல்லன்னா காலேஜும் இல்ல" என்றார் ஆனந்தவள்ளி. பிறகு அட்டையைத் திருப்பி ஒரு வரிசையில் விரல் வைத்தார். "இதப் பாருங்க. முசிறியிலேருந்து தினம் வந்து போனா தொள்ளாயிரம்தான்னு இவளே எழுதியிருக்கா. எல்லாத்தையும் விட கம்மி. அப்பறம் வெளிய ரூம் எதுக்கு? ஊர் சுத்தவா?"

அந்த வரிசையைத் தேவதர்ஷினி சும்மா ஒப்புக்குத்தான் எழுதியிருந்தாள்.

சந்திரம்மாள் அட்டையை வாங்கி மெதுவாகப் படித்தாள். "ஏன்டி, பஸ் பாஸுக்குத் தொள்ளாயிரம் போட்டிருக்க. சோத்துக்கு நேரா வெறும் கோடு போட்டிருக்க?"

"வீட்டுச் சாப்பாடுதானம்மா."

"வீட்டுச் சாப்பாடு சும்மா வருதா?"

வார்டன் சாய்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா. உங்கம்மாவே தப்புங்கறாங்க."

"தப்புதாங்க" என்றாள் சந்திரம்மாள். "விடியறதுக்கு முன்னாடி தோப்புல நின்னாத்தான் எனக்குக் கூலி. ஆறு மணி பஸ்ஸுக்கு இவளுக்கு ரெண்டு வேளைச் சோறாக்கிக் கட்டிக் குடுக்கணும்னா அன்னைக்கு எல அறுக்கப் போவ முடியாது. நாளைக்கு நானூறு. மாசத்துல இருவது நாள் வேல இருக்கும். அத எழுதுடி."

"அவளே சமைச்சுக்கட்டுமே."

"மூணு மணிக்கு எந்திரிச்சு சமைச்சு, ரெண்டரை மணி நேரம் பஸ்ல போய் வந்து, அப்பறம் எப்பங்க படிக்கறது?"

தேவதர்ஷினி வார்டன் மேசையில் கிடந்த பேனாவையே எடுத்தாள். கோட்டை அடித்துவிட்டு எட்டாயிரம் என்று எழுதினாள். எல்லாவற்றிலும் மலிவாக இருந்த வரிசை எல்லாவற்றிலும் விலை உயர்ந்ததாக மாறியது. அம்மாவைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. இத்தனை வீட்டு வாசலில் விலை கேட்டவள், தன் வீட்டு அடுப்படியில் கேட்கவில்லை.

"பேப்பர் குடுங்க மேடம். கடிதம் எழுதித் தரேன்" என்றாள்.

ஆனந்தவள்ளி ஒரு தாளை நீட்டினார். அவள் நின்றபடியே எழுதினாள்: 'முசிறி வரிசையில் சாப்பாட்டுக்கு நேரே கோடு போட்டது என் தவறு. அதற்காக என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். திருத்திவிட்டேன். மற்ற வரிசைகளில் தவறு இருப்பதாக இதுவரை யாரும் சொல்லவில்லை.' தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.

வார்டன் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இதையா கேட்டேன்?"

"தப்புன்னு தெரிஞ்சது இது ஒன்னுதான் மேடம். 241ல தப்பு இருந்தா சொல்லுங்க, அதுக்கும் எழுதறேன்."

"திமிரு. இன்னைக்கே காலி பண்ணு. காலேஜ்ல எப்படி நீடிக்கறன்னு பாக்கறேன்."

"விடுதியில இல்லன்னா பேர எடுத்துடுவோம்னு எழுதிக் குடுங்க மேடம்."

"அதெல்லாம் எழுதிக் குடுக்கற வழக்கமில்ல."

"அப்ப நான் காலி பண்றேன்னு எழுதிக் குடுக்கறேன். வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து போடுங்க."

கையெழுத்து வாங்க முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை சந்திரம்மாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் மூவரும் இரண்டு பெட்டிகளோடும் ஒரு வாளியோடும் திருவானைக்காவல் பஸ் ஏறினார்கள். "எனக்கு யாரும் போன்னு சொல்லல. நானா வரேன். பாதி வாடகைக்கு நீ வேற ஆள் தேடறதுக்குள்ள கெழவியாயிடுவ" என்றாள் ரிஃபானா.

மறுநாள் முதல் பீரியட். தூங்காத கண்ணோடு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் தேவதர்ஷினி. பேராசிரியை வருகைப் பதிவேட்டைத் திறந்தார். ஒவ்வொரு பெயருக்கும் அவள் கைகள் பெஞ்சின் விளிம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தன. தன் பெயருக்கு முந்தைய பெயர் வந்தது. பேராசிரியை பக்கத்தைத் திருப்பினார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"தேவதர்ஷினி."

அவள் எழுந்து நின்றாள். அந்த வகுப்பில் யாரும் எழுந்து நிற்பதில்லை.

"இருக்கேன் மேடம்."