என்னை வேவு பார்த்த மணி

சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்த இந்திய ராணுவ அதிகாரிகளில் நானும் ஒருவன். போர் முடிந்து ஊர் திரும்பியபின், ஒருநாள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்த என்னை ஒரு ரகசியப் போலீஸ்காரர் மடக்கினார். சிறையில் ஜப்பானியரோடு சேர்ந்துகொண்டிருப்போமோ என்று திரும்பி வந்த எங்கள் எல்லோர்மேலும் சர்க்காருக்குச் சந்தேகம். முகாமில் என்னுடன் இருந்த லெப்டினன்ட் மணி யாரிடம் என்ன பேசுகிறான் என்று சொல்லிவந்தால் நல்ல உத்தியோகம் கிடைக்கும் என்றார்.

"வேற ஆளைப் பாரும்" என்றேன். நேரே மணி குடியிருந்த கரமனைக்குப் போய் மணியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

"உன்னைப் பத்திச் சொல்ல நான் ஒத்துண்டுட்டேன்டா" என்றான் அவன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் மாட்டேன்னா வேற எவனாவது வருவான். இல்லாததையும் சொல்லுவான். நான்னா, தேங்காய் உடைச்சான், ஆத்துக்குப் போனான், அவ்வளவுதான் சொல்லுவேன்."

மறுப்பதுதான் வீரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். மறுநாள் நானே அந்தப் போலீஸ்காரரைத் தேடிப் போனேன். மணியைக் கவனிக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்றேன்.