இடது கைக்கு ஐம்பது, வலது கைக்கு அறுபது

கை போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சு அரவை மில்லில் எனக்கு வேலை. பருத்தியைக் கொட்டை வேறு பஞ்சு வேறாகப் பிரிக்கும் இயந்திரங்கள் வரிசையாக ஓடும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெண் நின்று, கூடையிலிருந்து பருத்தியை அள்ளி அதன் வாயில் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆண்களை வைப்பதில்லை. ஆணுக்குக் கொடுக்கும் கூலியில் பாதி எங்களுக்குக் கொடுத்தால் போதும்.

நான் பிறவியிலேயே இடதுகைக்காரி. அரிவாள் பிடிப்பது, தண்ணீர் சேந்துவது, கோலம் போடுவது எல்லாம் இடது கையில்தான். பருத்தி ஊட்டுவதும் அந்தக் கையில்தான்.

அன்றைக்கு உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டு இயந்திரம் முனகியது. நிறுத்தச் சொல்லி மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

"நிறுத்துனா பெல்ட்டை மாட்ட அரை மணி ஆகும். கையில புடிச்சு இழுத்து உடு அம்மணி" என்று அங்கிருந்தே கத்தினார்.

இழுத்தேன். பஞ்சு வந்தது. இரண்டாவது முறை இழுத்தபோது பஞ்சு என்னை இழுத்தது. சத்தம் நினைவிருக்கிறது, வலி நினைவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். கண் விழித்தபோது முழங்கைக்கு நாலு விரல் கீழே துணிக்கட்டு இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டு மாற்றிய நர்ஸம்மாதான் சட்டம் என்று ஒன்று இருப்பதை எனக்குச் சொன்னவர். கட்டை அவிழ்த்துக்கொண்டே பேசுவார். "கவர்மெண்டு சட்டம் போட்டிருக்குது அம்மா. மில்லுல வேலை செய்யும்போது கை கால் போனா முதலாளி நஷ்டஈடு குடுத்தாகணும். காயம் ஆறுற வரைக்கும் பாதிக் கூலியும் தரணும். ஆறு மாசத்துக்குள்ள மனுப் போடணும், அதை மட்டும் மறந்திராதே. அதுவரைக்கும் எந்தக் காகிதத்திலயும் கையெழுத்துப் போட்டிராதே."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது நான் வீடு வந்த நாலாம் நாள் தெரிந்தது. மில் கணக்குப்பிள்ளை வந்தார். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்தார். மடியிலிருந்து அறுபது ரூபாயை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்தார். பக்கத்தில் ஒரு காகிதம்.

"முதலாளி மனசு எரங்கிக் குடுக்கறாருங்க" என்றார் என் வீட்டுக்காரரிடம். "இதுல அவங்க பேரைப் போட்டுட்டா முடிஞ்சுது. தப்பு அவங்க மேலதான். ஓடற மிசின்ல கையை வைப்பாங்களா யாராச்சும்?"

என் வீட்டுக்காரர் மூட்டை தூக்குகிறவர். அறுபது ரூபாயை ஒரே இடத்தில் பார்த்தது அவருக்கு அதுதான் முதல் முறை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லுங்க" என்றேன். "கையை வைக்கச் சொன்னது மேஸ்திரி. அவரு சொன்னதை நாப்பது பொம்பளைங்க கேட்டாங்க."

கணக்குப்பிள்ளை சிரித்தார். அந்த நாற்பது பேரில் ஒருத்தி வாய் திறந்தால் மறுநாள் அவளுக்கு வேலை இருக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காயம் ஆறும்வரை தர வேண்டிய பாதிக் கூலியில் ஒரு காசும் வரவில்லை.

மனுவை நர்ஸம்மாவே எழுதிக் கொடுத்தார். டாக்டர் சர்டிபிகேட்டும் வாங்கித் தந்தார். அது பட்டணத்துக்குப் போய், திரும்பி, மறுபடியும் போய், எட்டு மாதம் கழித்து விசாரணைக்கு நாள் வந்தது. நஷ்டஈட்டு ஆபீசர் சேலத்துக்கு முகாம் வருகிறாராம். நானும் வீட்டுக்காரரும் ரயிலேறிப் போனோம்.

ஒரு நீளமான அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஆபீசர், பக்கவாட்டில் மில்லுக்காக வந்த வக்கீல், இந்தப் பக்கம் ஒரு குமாஸ்தா. குமாஸ்தா தலை நிமிராமல் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினான்.

"இடது கைப் பெருவிரல் வை."

நான் சும்மா நின்றேன்.

"காது கேக்கலையா? இடது கைப் பெருவிரல்."

முந்தானையை விலக்கிக் காட்டினேன். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தாளைப் பார்த்தான். இடது பெருவிரல் ரேகை என்றுதான் அதில் அச்சடித்திருந்தது.

"நான் கையெழுத்தே போடுவனுங்க" என்றேன்.

வலது கையால் என் பெயரை எழுதினேன். எனக்கு அதில் பெருமை. எங்கள் தெருவில் கையெழுத்துப் போடத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

ஆபீசர் தன் புத்தகத்தைத் திறந்து கணக்குச் சொன்னார். முழுசாக ஒன்றுக்கும் உதவாமல் போனவருக்குக் கிடைப்பதை நூறு என்று வைத்துக்கொண்டால், முழங்கைக்குக் கீழே இடது கை போனவருக்கு ஐம்பது பங்கு. அதே இடத்தில் வலது கை போயிருந்தால் அறுபது.

"ஏனுங்க அப்படி?" என்று கேட்டேன்.

"வலது கைதானே அம்மா வேலை செய்யிற கை?"

"எனக்கு இடது கைதானுங்க வேலை செய்யற கை. பொறந்ததுல இருந்தே அப்படித்தான். எங்க ஊருல யாரை வேணும்னாலும் கேளுங்க."

வக்கீல் எழுந்தார். குமாஸ்தாவிடமிருந்து அந்தத் தாளை வாங்கி ஆபீசரின் முன்னால் வைத்தார். "இந்த அம்மா இப்போதுதான் வலது கையால் கையெழுத்துப் போட்டார். எழுத்து எவ்வளவு நேராக இருக்கிறது, தாங்களே பாருங்கள்."

அந்த நேரான எழுத்து எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் நான் இடது கையால் மணலில் 'அ' எழுதியதற்கு வாத்தியார் அந்தக் கையின் முட்டிமேல் பிரம்பால் அடித்தார். மறுநாளும் அடித்தார். பிறகு கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டி உட்காரவைத்தார். வீட்டில் அம்மா, பீச்சாங்கையில் சோறு தின்றால் குடும்பத்துக்கு ஆகாது என்று அகப்பைக் காம்பால் போட்டாள். அடித்து அடித்து ஊரே எனக்கு ஒரு சோத்தாங்கை செய்து கொடுத்தது. சோறு தின்னவும் பெயர் எழுதவும் அது பழகியது. மற்றதெல்லாம் இடது கையிடமே இருந்தது. இதை முழுக்கச் சொன்னேன்.

ஆபீசர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கடைசியில் புத்தகத்தின்மேல் விரலை வைத்தார். "இதில் இடது கை என்றும் வலது கை என்றும்தான் இருக்கிறது. எந்தக் கை பழக்கம் என்று கேட்கும்படி இதில் இல்லை அம்மா."

பெருவிரலுக்கு இருபத்தைந்து, சுட்டுவிரலுக்குப் பத்து, மற்ற விரலுக்கு ஐந்து, ஒரு கண்ணுக்கு முப்பது. அந்தப் பட்டியல் எனக்கு இன்றும் மனப்பாடம். சீமையில் உட்கார்ந்து எவனோ ஒருவன் தன் உடம்பைப் பார்த்து எழுதியது. பருத்தி ஊட்டுகிற பெண்ணின் உடம்பை அவன் பார்த்ததில்லை.

என் கூலிக்குக் கணக்குப் போட்டதில் முந்நூற்றைம்பது ரூபாய் வந்தது. எங்களுக்கு அது பெரிய தொகைதான். அதையும் மறைக்கவில்லை. இரண்டு கறவை எருமை வாங்கி, ஆற்றைத் தாண்டிக் காப்பிக் கடைகளுக்குப் பால் ஊற்றலாம் என்று சேலத்துக்குக் கிளம்புவதற்கு முன்பே நான் தீர்மானம் செய்திருந்தேன். ஒரு கையால் பால் கறக்க முடியுமா என்று பக்கத்து வீட்டு எருமையிடம் பழகியும் பார்த்தாகிவிட்டது.

"பணம் எப்பங்க கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"உங்கள் கையில் தருவதில்லை. பெண்களுக்கும் மைனர்களுக்கும் புத்தி சுவாதீனம் இல்லாதவர்களுக்கும் மொத்தமாகக் கொடுப்பதில்லை. ஆபீசில் டிபாசிட் இருக்கும். மாசம் ஐந்து ரூபாய் வரும்."

குழந்தை, பைத்தியம், நான். மூன்று பேரையும் ஒரே வரியில் வைத்திருந்தார்கள். ஆண் ஒருவனுக்குக் கை போயிருந்தால் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அவன் அதை ஒரே வாரத்தில் கள்ளுக்கடையில் தொலைத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

மாதாமாதம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று கிராம முன்சீப்பிடம் எழுதி வாங்கி அனுப்ப வேண்டும். அவர் வீட்டுக்கு மூன்று முறை நடந்தால் ஒரு முறை இருப்பார். இருந்தாலும், "என்ன அம்மணி, இன்னும் உசுரோடதான் இருக்கறயா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் எழுதுவார். ஒவ்வொரு மாதமும் அதே வார்த்தை, அதே சிரிப்பு.

எருமை வாங்கப் பணத்தை மொத்தமாகத் தரும்படி நானே ஒரு மனு எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. மனுதாரர் பெண் ஆனபடியால் கோரிக்கையை ஏற்க இடமில்லை.

அதே மனுவை, ஒரு வார்த்தை மாற்றாமல், என் வீட்டுக்காரர் பெயரில் எழுதினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடியில் பெருவிரலை அழுத்தினார். இருபது நாளில் உத்தரவு வந்துவிட்டது. மனுதாரர் பொறுப்பான கணவராகத் தெரிவதால் மிச்சத் தொகையை அவரிடம் வழங்கலாம்.

பணத்தை வாங்கச் சேலத்துக்கு அவர் மட்டும் போனார். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் வந்து, துணியில் முடிந்திருந்ததை அப்படியே என் மடியில் வைத்தார். ஒரு டீக்குக்கூட அதிலிருந்து எடுக்கவில்லை.

"எண்ணிக்கோ அம்மணி" என்றார்.

இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவருக்கே தாங்கவில்லை.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன், சொல்லு? கேட்டேன், குடுத்தாங்க. திருப்பிக் குடுத்துட்டு வந்திருக்கோணுமா?"

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்க. என் கைக்கு உங்ககிட்டப் பணம் குடுத்தாங்களே, அதைத்தான் என்னால முழுங்க முடியலை."

அவர் நல்ல மனிதர். அவர்மேல் கோபப்பட எனக்கு நியாயம் இல்லை. ஆனால் அன்றைக்கு எதிரில் இருந்தவர் அவர்தான்.

எருமைகள் வாங்கினோம். பால் வியாபாரம் நன்றாகவே நடந்தது. அடுத்த சீசனில் அதே இயந்திரத்தில் வேறொரு பெண்ணுக்கு இரண்டு விரல் போனது. கேள்விப்பட்ட அன்றே அவள் வீட்டுக்குப் போனேன். கணக்குப்பிள்ளை எனக்கு முன்பே வந்து என் வீட்டில் பேசிய அதே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இவளுக்கு இங்க என்ன வேலை?" என்றார். "மனு எழுத வந்தனுங்க" என்றேன். காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு அவர் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு அக்கம்பக்கத்து மில்களில் அடிபட்ட பதினோரு பேருக்கு மனு எழுதினேன். நாலு பேர் ஆண்கள். அவர்கள் போய்ப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஏழு பேர் பெண்கள். அதில் இரண்டு பேருக்குப் புருஷன் இல்லை. ஒருத்தி தம்பியின் பெயரில் வாங்கினாள், அவன் பாதியை எடுத்துக்கொண்டான். இன்னொருத்தி மாசம் மூன்று ரூபாய்க்கு முன்சீப் வீட்டு வாசலில் நின்றாள். கடைசித் தவணை வருவதற்கு முன்பே செத்துப்போனாள். மிச்சப் பணம் யாரிடம் போனது என்று கேட்டு ஆபீசுக்கு மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.