உயரத்துக்காக வாதாடி வென்ற நான்

அக்கா வாங்கி வந்த மலைப்பாம்பின் நீளம் நாலடி. பருமனோ என் முன்கையை விஞ்சும். சுங்கை வேயில் ஒரு விலங்கு மருத்துவகத்தில் வேலை செய்யும் அவள், முறைப்படி உரிமம் பெற்றே அதை எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதை எந்தப் பெட்டியில் குடிவைப்பது என்பதுதான் வழக்கு.

எங்கள் வீட்டில் பெரிய பொருள் எதுவாயினும் சாப்பாட்டு மேசையில் வாதம் நடந்த பிறகே வாங்கப்படும். நடுவர் அம்மா. பல்கலைக்கழகச் சொற்போர் அணியின் முதல் பேச்சாளனாகிய நான், சலவை இயந்திரம் முதல் சோபா வரை ஒரு வழக்கிலும் தோற்றதில்லை.

“நீட்டுப் பெட்டி, தாழ்வா இருந்தா போதும்மா,” என்றாள் அக்கா.

நான் எழுந்தேன். கிள்ளானில் ஒரு கடையில் பார்த்த உயரமான கண்ணாடிப் பெட்டி என் மனத்தில் நின்றது. “நடுவர் அவர்களே! உயரம் என்பது உயிரின் உரிமை. கிளையில் ஏறி உலகைக் காண விரும்பும் ஓர் உயிரைத் தரையோடு தரையாக அழுத்துவதுதான் அன்பா?”

“டேய், இது தரையிலயே ஊர்ற வகை லா. ஒடம்பு கனம். அதுக்கு எதுக்கு ஒசரம்?”

“எதிரணியினர் பாம்பின் கனவைக்கூட எடை போடுகிறார்கள்!”

அம்மா சிரித்துவிட்டார். வழக்கு முடிந்தது.

நாலடி உயரப் பெட்டி வந்தது. அதன் தரையோ இரண்டடிக்கு ஒன்றரையடி. முதல் வாரம் பாம்பு கிளையில் ஏறி, தொப்பென்று விழுந்தது. பிறகு ஏறவே இல்லை. உடலை நீட்ட இடமின்றி, ஒளியவும் வழியின்றி, ஒரு மூலையில் தலையைப் புதைத்துக்கொண்டது. உறையவைத்த எலியை இளக்கிக் காட்டினால் முகம் திருப்பிற்று. மூன்று முறை அப்படி.

“மாசக் கடைசிக்குள்ள சாப்பிடலன்னா, வித்தவங்ககிட்டயே குடுத்துடு. வாயில்லா ஜீவன் இங்க காய வேணாம்,” என்றார் அம்மா.

அக்கா என் பக்கம் திரும்பினாள்: “நீ ஜெயிச்ச. பட்டினி கெடக்கறது அது.”

எத்தனையோ மேடைகளில் மறுப்புரைகளை நொறுக்கிய நான், மறுநாள் அம்மாவின் முன் நின்றேன். “அக்கா சொன்னதுதான்மா சரி.”

“அன்னிக்கே தெரியாதா ஒனக்கு?”

“தெரியும்மா. ஆனா ஜெயிக்கணும்ல.”

கண்ணாடிப் பெட்டியைக் கடைக்காரர் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். கிள்ளானில் ஒரு தச்சரிடம் நானே போனேன். பாம்பின் நீளத்தைவிட அரையடி கூடுதல் நீளம், இரண்டடி அகலம், உயரம் ஒன்றரையடி போதும்.

“பாம்புக்கா? அலமாரிய படுக்க வச்ச மாதிரி இருக்கே தம்பி!”

“கதவ மட்டும் இறுக்கமா போடுங்கண்ணே.”

ஒரு முனையில் வெதுவெதுப்பு, மறுமுனையில் குளிர்ச்சி; இரண்டிலும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு பொந்து. பாம்பை உள்ளே விட்டு, ஒரு வாரம் தொடவே இல்லை. மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது, அக்கா இடுக்கியில் எலியை நீட்டினாள். பொந்திலிருந்து தலை மெல்ல வந்தது. நின்றது. அடுத்த கணம் எலியைக் கவ்விச் சுருட்டிக்கொண்டது.

அக்கா என் தோளில் ஓங்கி அறைந்தாள். சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். “அப்போ இனிமே எலியெல்லாம் என் ஐஸ் பெட்டியிலதான் இருக்கப் போவுதா?”

அதற்கு விடையளிக்க எழுந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.