புதைக்காமல் சமைத்த ஜெரிங்

காலை எட்டு மணி. அது தோக்கியோ மணி. ஜப்பான்காரர்கள் வந்ததும் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டதால், வெளிச்சம் அப்போதுதான் ரப்பர் மரங்களுக்கு இடையே புகுந்துகொண்டிருந்தது. பின்கதவைத் திறந்த எனக்கு முதலில் தெரிந்தது அப்பாவின் முதுகு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஓடும் சாக்கடையின் ஓரத்தில், ஒரு கையைச் சுவரில் ஊன்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நான் கரித்தூளால் பல் விளக்கி, முகம் கழுவி, தங்கையின் முகத்தையும் கழுவிவிட்டேன். அப்பா அங்கேயேதான் நின்றார்.

அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, இன்னுமா?"

"வரமாட்டேங்குது. எரியுது. இடுப்புக்குள்ள யாரோ கத்திய வச்சுத் திருப்புற மாதிரி இருக்கு."

மலாய் நாட்டில் குருண் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் அப்போது ரப்பர் பால் வெட்டு நின்றுபோயிருந்தது. வெட்டிய பாலை வாங்க ஆளில்லை. ஒரு பகுதி மரங்களைச் சாய்த்து மரவள்ளி போடச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்குச் சாய்த்த மரங்களின் வேர் பறிக்கும் வேலை. நாள் முழுக்க வெயிலில் நின்று ஒரு போத்தல் தண்ணீரோடு திரும்பும் வேலை அது. சாப்பாடு காலையில் மரவள்ளி, மாலையில் மரவள்ளி. பருப்பு என்ற சொல்லே வீட்டில் வழக்கொழிந்திருந்தது.

அதனால்தான் ஜெரிங் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

தோட்டத்து எல்லையைத் தாண்டினால் மலாய்க்காரர்களின் கிராமமான கம்பம். அதன் முதல் வீட்டில் இருந்த பெண்மணியை நாங்கள் மக்சிக் என்று அழைப்போம். மலாயில் சித்தி என்பது போல. முன்பு எங்கள் லயத்துக்குக் கீரை கொண்டுவந்து விற்றவர் என்பதால் அவருக்குக் கொஞ்சம் தமிழும், அவரோடு திரிந்ததால் எனக்குக் கொஞ்சம் மலாயும் தெரியும். அவர்தான் இரண்டு நாளைக்கு முன் ஒரு கூடை ஜெரிங் கொட்டையை அம்மாவிடம் சும்மா கொடுத்தார். ஒரு வெள்ளிக் காசைவிடப் பெரிதாக, தட்டையாக, கருஞ்சிவப்புத் தோலோடு இருக்கும். மண்ணில் பதினான்கு நாள் புதைத்து, முளை விட்டபின் எடுத்துத்தான் தின்ன வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மாவுக்கு நன்றாகவே புரிந்தது.

"பதினாலு நாளா? பதினாலு நாள் வரைக்கும் வயித்த எங்க புதைக்கிறது?"

அம்மாவுக்கு மொச்சை தெரியும். மொச்சை என்றால் ஓர் இரவு ஊறப்போட்டு, தோலை உரித்து, புளி விட்டுக் குழம்பு வைக்க வேண்டும். பார்வைக்கு ஜெரிங் பெரிய சாதி மொச்சைதான். ஊரிலிருந்து கப்பல் வருவது நின்றதால் புளி இல்லை. லயத்துக்குப் பின்னால் பிலிம்பிங் மரம் இருந்தது. விரல் நீளப் பச்சைக் காய், கடித்தால் கண் சுருங்கும் புளிப்பு. அதை இரண்டு கை நிறையப் பறித்துப் பிழிந்தார். குழம்பு கொதித்தபோது எழுந்த நாற்றத்தில் பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னக்கா, உங்க வீட்டுல எலி செத்துக் கிடக்கா, இல்ல உங்க வீட்டுக்காரர் கால் கழுவலையா?"

"குழம்பு வேணுமா, வேணாமா?"

"வேணாம்லா. எனக்குப் புருசன் வேணும்."

எனக்கும் தங்கைக்கும் அந்த வாடையைத் தாண்டி வாயில் வைக்க முடியவில்லை. அம்மா இரண்டு கொட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே அப்பாவின் தட்டில் கவிழ்த்தார். வெயிலில் நிற்கிற மனுசன் என்பது அவர் கணக்கு. அப்பா, வெகுநாளைக்குப் பிறகு வயிறு நிறைந்தது என்று சொல்லிவிட்டுப் படுத்தார். அது முந்தைய நாள் மாலை.

காலை பத்து மணி வாக்கில் தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் டிரெசர் வந்தார். நல்ல மனிதர். அவருடைய மருந்து அலமாரியில் அப்போது இருந்தவை மஞ்சள் தண்ணீர் மருந்தும், துவைத்துத் துவைத்து நைந்துபோன கட்டுத் துணியும்தான். அப்பாவின் அடிவயிற்றைத் தட்டிப் பார்த்தார். நேற்று இரவிலிருந்து ஒரு சொட்டுதான் வந்தது, அதுவும் சிவப்பாக, என்று அம்மா சொன்னதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"தண்ணி குடுக்காதம்மா. போற வழி அடைச்சுக் கிடக்கு. மேல ஊத்துனா எங்க போகும்?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு, ஐயா?"

"லாரி எல்லாம் ஜப்பான்காரங்க எடுத்துக்கிட்டாங்க. போனாலும் அங்க மருந்து இருக்கணுமே."

அம்மா டிரெசர் சொன்னபடி தண்ணீர்ப் பானையை மூடி வைத்தார். நண்பகலில் அப்பாவின் கண் இமைகள் தடித்திருந்தன. வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகுதான் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்துக் கம்பத்துக்கு நடந்தார். வழியில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தார்:

"மண்ணுல புதைச்சுத்தான் சமைச்சோம்னு சொல்லு."

மக்சிக் வீட்டுப் படியருகே நின்று அம்மா தமிழில் பேசினார். நான் மலாயில் சொன்னேன். ஆனால் அம்மா சொன்னதைச் சொல்லவில்லை. புதைக்கவில்லை, ஓர் இரவுதான் ஊறியது, பிலிம்பிங் பிழிந்து ஊற்றினோம், அப்பாதான் எல்லாவற்றையும் தின்றார் என்று சொன்னேன். துணிச்சலால் அல்ல. கொடுத்து மூன்று நாள்கூட ஆகாத கொட்டையைப் பதினான்கு நாள் புதைத்தோம் என்று சொன்னால் மக்சிக் சிரிப்பாரே என்ற வெட்கம்தான். பிலிம்பிங் என்ற சொல்லைக் கேட்டதும் மக்சிக் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்துத் தம் சந்தைத் தமிழில் கேட்டார்:

"தண்ணி குடுத்தது?"

"இல்ல மக்சிக். டிரெசர் வேணாம்னாரு."

"ஐயோ. குடு. நிறைய குடு. சீக்கிரம் வீட்டுக்குப் போ. நான் வருது."

அவர் வரும்போது ஒரு கையில் அடுப்புச் சாம்பல் சட்டி, மறு கையில் ஒரு கட்டுச் செடி. வெள்ளைப் பூவிலிருந்து நீண்ட மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும் செடி அது. பார்த்தால் பூனையின் மீசை போலவே இருக்கும். மலாய்க்காரர்கள் வைத்திருக்கும் பெயரும் அதுதான். சாம்பலைத் துணியில் கொட்டித் தண்ணீர் ஊற்றி வடித்து, தெளிந்ததில் சிறிது எடுத்து ஒரு பானைத் தண்ணீரில் கலந்தார். இலைகளைத் தண்டோடு நறுக்கி வேறொரு பானையில் கொதிக்க வைத்தார். டிரெசர் மறுபடி வந்து வாசலில் நின்றார்.

"வெடிச்சுச் செத்துப்போவாரும்மா. நான் சொல்லிட்டேன்."

அம்மா டிரெசரைப் பார்த்தார். மக்சிக்கைப் பார்த்தார். தகரக் குவளையை எடுத்து நிறைய மொண்டார்.

"ஐயா, நான் ஏற்கெனவே ஒருத்தர் சொன்னதக் கேக்காம இந்த நெலமைக்குக் கொண்டுவந்துட்டேன். இந்தத் தடவை அவங்க சொல்றதக் கேக்குறேன்."

அன்று மாலை வரை ஒரு குவளை சாம்பல் தண்ணீர், ஒரு குவளை இலைத் தண்ணீர் என்று மாறி மாறிக் கொடுத்தார்கள். பாதி வாந்தியாக வந்தது. மக்சிக் அசரவில்லை. "குடி. லாகி குடி," என்றார். லாகி என்றால் மலாயில் இன்னும். ஆறாவது குவளையில் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் என்ன கிணறா, மக்சிக்?"

"கிணறு பேசாது. நீ பேசாது. குடி."

மறுநாள் காலை இலை தீர்ந்துபோய், என்னை அனுப்பினார்கள். மக்சிக் என்னோடு வந்து, தம் வீட்டுப் படிக்கட்டின் இரு பக்கமும் வரிசையாக நின்ற அந்தச் செடிகளை வேரடி வரை அரிந்தார். மேல்படியில் அவருடைய கணவர் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். எழுந்து நடந்து நான் பார்த்ததில்லை. மொட்டையாகிவிட்ட வரிசையைப் பார்த்து மலாயில் மெதுவாகக் கேட்டார்: "எல்லாமா?"

"மறுபடி முளைக்கும்," என்றார் மக்சிக்.

எனக்கு அந்த இரண்டு வாக்கியமும் நன்றாகவே விளங்கின. இலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் சாக்கடையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முதலில் விட்டுவிட்டு, பிறகு நிற்காமல். கூடவே வாடையும் வந்தது. ஜெரிங் தின்றவரின் சிறுநீர் எப்படி நாறும் என்பதை நாகரிகமாக எழுத எனக்குத் தெரியவில்லை. பத்து வீட்டு லயமும் மூக்கைப் பொத்தியது. பக்கத்து வீட்டு அக்கா, "யம்மாடி, எலி உயிரோடதான்க்கா இருக்கு!" என்று கத்தினார். அம்மா மட்டும் மூக்கைப் பொத்தாமல் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே அழுதார். டிரெசர் அன்று மாலை வந்து, மக்சிக்கிடம் அந்தச் செடியின் ஒரு துண்டைக் கேட்டு வாங்கித் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்காகவும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

பல ஆண்டுகள் கழித்து சுங்கைப்பட்டாணியில் ஒரு டாக்டரிடம் இதைச் சொன்னேன். ஜெரிங்கில் இருக்கும் சத்து ஒன்று சிறுநீரில் ஊசி ஊசியாக உறைந்து வழியை அடைக்கும் என்றார். புளிப்பு சேர்ந்தால் இன்னும் வேகமாக உறையும். பிலிம்பிங் காயின் சாறு அதிகம் போனால் தனியாகவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாம்பல் தண்ணீர் புளிப்பை முறித்திருக்கலாம், தண்ணீர் ஊசிகளை அடித்துக்கொண்டு போயிருக்கலாம். அந்த இலையைச் சிறுநீரகத்துக்கென்று மலாய்க்காரர்கள் காலங்காலமாகக் குடிக்கிறார்கள், அதன் பங்கு எவ்வளவு என்று தன்னால் அளந்து சொல்ல முடியாது என்றார். டிரெசர் சொன்னதும் முழுத் தவறல்ல. வழி திறக்காமலே இருந்திருந்தால் அவ்வளவு தண்ணீரே ஆளைக் கொன்றிருக்கும்.

நான் அளக்க விரும்பவில்லை. சாம்பலுக்கும் இலைக்கும் தண்ணீருக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். அதற்குப் பிறகு அப்பா நாற்பத்தொரு ஆண்டுகள் இருந்தார்.

ஆனால் அந்தச் செடிகள் அழகுக்காகப் படியோரம் நட்டவை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். தினமும் காலையில் மக்சிக் அவற்றிலிருந்து ஒரு கைப்பிடி கிள்ளிக் கொதிக்க வைத்தது யாருக்காக என்று நான் கேட்டதில்லை. மேல்படியில் நீட்டியிருந்த கால்கள் ஏன் அவ்வளவு பருமனாக இருந்தன என்றும் கேட்டதில்லை.

அந்த வருட மழை முடிவதற்குள் மக்சிக்கின் கணவர் இறந்துபோனார். வீக்கம் முகம்வரை ஏறியிருந்ததாம். கம்பத்து இளைஞர்களை ஜப்பான்காரர்கள் வேலைக்குப் பிடித்துப் போயிருந்ததால், குழி வெட்ட என் அப்பா மண்வெட்டியோடு போனார்.